மண்ணில் பிழையில்லை

காலை ஐந்தே கால். முதலில் கண்ணில் பட்டவை தலைகள்.

இரவுப் பணி முடித்து, பத்திரிகை அலுவலக வான் வண்டியிலிருந்து, காலி நகருக்குப் போகும் காலி வீதியில் இறங்கி, கடலை நோக்கிப் போகும் ஒழுங்கையில் பெட்டியோடு நடந்து வந்தேன். அறையை எனக்காக நண்பர் ஒருவர்தான் பேசியிருந்தார். வீட்டை நான் பார்த்ததில்லை. ஒழுங்கையில் விளக்குக் கம்பங்கள் இருந்தன, வெளிச்சம் இருக்கவில்லை. வீட்டு இலக்கத்தைத் தேடி நிமிர்ந்தபோது மேல்மாடிப் பல்கனிச் சுவரில் உருண்டையாக, கறுப்பாக, வரிசையாகத் தலைகள். அந்தக் காலத்தில் கொழும்பில் அப்படி எதையாவது கண்டால் ஓடுவதா நிற்பதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. நான் நின்றேன். கடலோரமாக ரயில் ஒன்று போனது. அதன் வெளிச்சத்தில் தலைகள் மண்சட்டிகளாக மாறின. கவிழ்த்து வைக்கப்பட்ட புதுச் சட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் நடுவே ஒரு துளை.

"ஆரது?" என்று பல்கனியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மேல் அறைக்கு வந்த ஆள்."

"பேப்பர்காரரோ?"

"ஓம்."

"கேற் திறந்துதான் கிடக்கு. வாரும்."

உள்ளே படியேறும்போது நடுவில் ஒரு படியின் பலகை இல்லை. கால் உள்ளே போய், முழங்காலில் தோல் உரிந்தது. மேலே அவர் மெழுகுதிரியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி உடைஞ்சு கிடக்கெண்டு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீர் கேட்டனீரோ?"

அவரைப் பற்றி நான் அறிந்துகொண்ட முதல் விடயம் இது. பிறகு பல வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அறிந்துகொண்ட மற்றவை எல்லாம் இதற்குள்ளேயே அடங்கின.

ஒழுங்கை முழுவதும் அவரை ரீச்சர் என்றுதான் அழைத்தது. பெண்கள் பாடசாலை ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவர். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். ஒல்லி. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை. வலது முன்னங்கையில் பழைய சூட்டுக் காயங்கள், சிலது வெளுத்தும் சிலது சிவந்தும். படிப்பித்த காலத்தில் விரல்களில் சோக் தூள் இருந்திருக்கும். நான் பார்த்தபோது பிளாஸ்டர் மா இருந்தது.

வேலையை விட்ட காரணத்தை நான் கேட்டேன். கேட்டால் சொல்வார். "சொல்லிக் குடுக்கிறது எண்டால் கேக்காததுக்கும் பதில் சொல்ல வேணும். எனக்கு அது ஒத்து வரேல்லை."

நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மின்சூளை அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. சலவை இயந்திரம் அளவு இருக்கும். அதைக் கீழ்வீட்டுப் பின் விறாந்தையில் வைத்து யன்னல் கண்ணாடிகளை வளைத்தார். தட்டையான கண்ணாடியை அச்சொன்றில் வைத்து, அது தோசை மாவைப் போலத் தளரும் வரை சூடாக்கி, அச்சின் வடிவத்துக்குப் படியவிட்டு, பிறகு மெல்ல மெல்ல ஆறவிடுவது. இவ்வளவுதான் வேலை. பழத்தட்டுகள், பூக்கிண்ணங்கள், விளக்குக் கூடுகள். கல்கிசையில் ஒரு கடை எடுத்து விற்றது.

சூடாக்குவது சூளையின் வேலை, அச்சைத் தெரிந்தெடுப்பது மனிசரின் வேலை என்பார். கண்டதையும் சூளைக்குள் வைக்க விடமாட்டார். துத்தநாகம் பூசிய தகர வாளியை வைத்தால் புகையில் நஞ்சு வரும். சீமெந்து ஈரம் வைத்திருக்கும், வெடிக்கும். செம்பு சூட்டில் செதில் செதிலாக உரியும். பிளாஸ்டரும் மணல் மாவும் கலந்து செய்யும் அச்சு நல்லது, ஆனால் ஒரு தரத்துக்குத்தான். அதையும் நாட்கணக்கில் உலர்த்த வேண்டும். இவை எல்லாம் ஒவ்வொன்றாக நான் கேட்டுப் பெற்ற பதில்கள். அவராக வாய் திறந்து எதையும் சொன்னதில்லை.

இரண்டு வீடு தள்ளி இருந்த வங்கி அதிகாரியின் மனைவி, கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் கேட்க, "ரீச்சர் இப்ப சட்டி பானை ஆக்கிறா" என்று சொல்லிச் சிரித்தார். ரீச்சரும் அங்கேதான் நின்றார். திருநீறைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம் அதே பெண்மணி, லண்டனிலிருந்து மகள் அனுப்பிய பீங்கான் கோப்பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பொன் விளிம்பு, உள்ளே நீலப் பூ.

"ரீச்சர், இதே வடிவத்தில எனக்கொரு கண்ணாடிக் கோப்பை வேணும். இதுக்குள்ள வைச்சு உருக்கேலுமோ?"

"ஏலும்."

"இது உடையாதே?"

"உடையாது."

மறுநாள் மாலை சூளையைத் திறந்தபோது கண்ணாடி கோப்பைக்குள் அழகாகப் படிந்திருந்தது. கோப்பை உடையவில்லை. பீங்கானின் மினுக்கமும் ஒரு வகைக் கண்ணாடிதான். சூட்டில் அதுவும் இளகி, இரண்டும் ஒன்றாக ஒட்டிவிட்டன. இனி எந்தக் காலத்திலும் பிரியா.

"ஐயோ, இதை இனிக் கழட்டேலாதோ?"

"ஏலாது."

"முதலே சொல்லியிருக்கலாமே ரீச்சர்!"

"உருக்கேலுமோ எண்டுதானே கேட்டனீங்கள். சட்டி பானைக்காரிக்கு வேற என்ன தெரியும்?"

அந்தப் பெண்மணி கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்து போனதைப் பல்கனியிலிருந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சோதனைச் சாவடிகளில் இந்தக் குணம் அவருக்கு உதவியது. ஒருமுறை கொட்டாஞ்சேனையிலிருந்து கண்ணாடித் துண்டுகளை வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்தோம். கொள்ளுப்பிட்டியில் எல்லோரையும் இறக்கினார்கள். மற்றவர்கள் தாங்கள் யார், எங்கே போகிறோம், யாருக்குக் கலியாணம் என்று கேட்காமலே கொட்டினார்கள். சிப்பாய் ரீச்சரின் பையைத் தொட்டு, "மேக்க மொகக்த?" என்று கேட்டான். இது என்ன என்று. "வீதுரு" என்றார். கண்ணாடி. அவன் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான். ரீச்சரும் அவனுடைய அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். வெயில் சுட்டது. கடைசியில் அவன்தான் முகத்தைத் திருப்பி, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"கேள்விக்கு மேல ஒரு சொல்லுச் சொன்னால், அந்தச் சொல்லில இருந்து அடுத்த கேள்வி வரும்" என்றார் பஸ்ஸில். அது ஒன்றுதான் நான் கேட்காமல் அவர் சொன்னது.

இனி முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருந்தவர். கொட்டாஞ்சேனையில் கண்ணாடி வெட்டி விற்கும் கடை வைத்திருந்தார். படங்களுக்குச் சட்டம் போடுவதும் உண்டு. பருத்த, கலகலப்பான மனிதர். யாரைக் கண்டாலும் தோளில் கை போடுவார். ரீச்சருக்குக் கண்ணாடித் துண்டுகள் அவர் கடையிலிருந்துதான் வந்தன. பிளாஸ்டர் மூட்டைகளையும் மணல் மா மூட்டைகளையும் அவருடைய வானில்தான் கொண்டுவந்து இறக்கினார். தானே தோளில் சுமந்து, கீழ்வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி, மேலே சாக்கும் பழைய பாயும் போட்டு மூடினார். "வெள்ளை மா ரீச்சர். கண்டவன் கண்டால் வெடிமருந்தெண்டு கதை கட்டுவான்" என்று அவர்தான் சொன்னாராம்.

ரீச்சருக்கு மிக இளையவரான கடைசித் தம்பி அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கியிருந்தார். கனடா போவதற்கான கடதாசிகள் சரிவரும் வரை. அவர் அங்கே தங்குவதைப் பொலிஸில் பதிந்திருந்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அக்காவின் சூளையருகே கால் நீட்டி இருந்து பழைய பாட்டுகளைச் சீட்டியடிப்பார். நல்ல சுருதி. நான் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குவது அந்தச் சீட்டியைக் கேட்டபடிதான்.

ஒரு நாள் காலை பத்து மணிபோல் இராணுவமும் பொலிஸும் வந்தன. நான் கண்விழித்துப் படியின் மேல் நின்று பார்த்தேன். செய்தியாளனாக எத்தனையோ தேடுதல்களைப் பார்த்தவன். தேடுபவர்கள் முதலில் அலுமாரியைத் திறப்பார்கள், மெத்தையைப் புரட்டுவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். இவர்கள் ஒன்றும் செய்யவில்லை. வாசலால் வந்து நேரே படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பாயை இழுத்தார்கள். வெள்ளை மா மூட்டைகள். ஒருவன் கத்தியால் குத்தினான். மா கொட்டியது.

அந்த மா வெறும் பிளாஸ்டர் என்று பின்னர் சோதித்து எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் வடக்கிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான். தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூட்டைகள் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன. தம்பி வரவில்லை.

மறுநாளே முதலாளி கதலிப்பழச் சீப்பு ஒன்றோடு வந்தார். அழுதார். உண்மையாகவே கண்ணீர் வந்தது.

"ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்கள் ரீச்சர். எங்கட சனத்துக்கை எத்தனை கறுப்பாடு!"

ரீச்சர் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனி அளவாகப் போட்டார். அவர் போன பின் என்னிடம் திரும்பினார்.

"பேப்பர், நேற்று வந்தவங்கள் முதலில எங்க போனவங்கள்?"

"படிக்குக் கீழ."

"எங்கயும் நிண்டு யோசிச்சவங்களோ?"

"இல்லை."

"மூட்டை அங்க இருக்கிறது உமக்குத் தெரியுமோ?"

"அவங்கள் பாயை இழுக்கேக்கதான் தெரியும்."

தலையாட்டினார். கதலிப்பழத்தைக் கொண்டுபோய் ஒழுங்கை முனையில் நின்ற மாட்டுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. முதலாளியிடம் கண்ணாடி வாங்குவதையும் நிறுத்தவில்லை. முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்தவில்லை. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் தம்பி இருக்கிறார் என்று தெரிந்த பின் மாதம் ஒருமுறை ரீச்சர் உடுப்புப் பார்சலோடு போய் வந்தார். பார்சலை வாங்குவார்கள், ஆளைக் காட்டமாட்டார்கள். வந்ததும் குளித்துவிட்டுச் சூளையைப் போடுவார்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி கை கழுவுவதற்குக் குசினிக்குள் போனார். கழுவும் தொட்டிக்கு அடியில் கருகிப்போன எவர்சில்வர் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன. நீலமும் கறுப்புமாக நிறம் மாறி, பளபளப்பெல்லாம் செத்துப்போனவை.

"என்ன ரீச்சர்! இவ்வளவு சட்டியையும் அடிப்பிடிக்க விட்டிட்டியளோ? கெமிஸ்ரி படிப்பிச்ச ஆளுக்குக் கறி வைக்கத் தெரியாதோ?" வயிறு குலுங்கச் சிரித்தார். "கலியாணம் கட்டியிருந்தால் மனிசன் பட்டினியில செத்திருப்பான்."

"இருக்கும்" என்றார் ரீச்சர்.

கல்கிசைக் கடையில் தொங்கிய ரீச்சரின் விளக்குக் கூடுகளை யாரோ ஒரு ஹோட்டல்காரர் கண்டார். அந்தக் கடற்கரையில் புதிதாகத் திறக்கவிருந்த ஹோட்டல். சாப்பாட்டு மண்டபம் முழுவதற்கும் அதே கூடுகள் வேண்டும் என்றார். யார் செய்வது என்று விசாரித்துக்கொண்டு, கண்ணாடி விற்பவர் என்பதால், முதலாளியின் கடைக்கு வந்திருக்கிறார். நான்தான் செய்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரிய சூளை ஒன்றுக்கு வெளிநாட்டுக்கு எழுதி, அது வந்து இறங்கும் வரை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. வீட்டுக் கராஜில் அதைப் பூட்டினார். கடையை ஈடு வைத்துத்தான் சூளை வந்தது என்று ஒழுங்கையில் பேசிக்கொண்டார்கள்.

முதலாளிக்குச் சூளை வந்துவிட்டது. அச்சு மட்டும் தெரியாது. ரீச்சரிடம் கேட்டால் திருட்டு வெளியே வரும். ஆகவே பார்த்துப் படித்துக்கொள்ள முயன்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணி ஆறும் வரை பல்கனியையே பார்த்துக்கொண்டிருப்பார். பல்கனியில் மண்சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன, கூடுகளின் அதே வளைவோடு.

அந்த நாட்களில்தான் எங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ரீச்சரிடம் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். உடனே சம்மதித்தார். படப்பிடிப்பாளர் சூளையருகே நிற்கச் சொன்னார். ரீச்சர் பல்கனியில்தான் நிற்பேன் என்றார். சட்டிகளைத் தன் கையால் நிரைப்படுத்தினார், எல்லாம் குப்புற. பக்கத்தில் முடிந்த விளக்குக் கூடுகளை வைத்தார்.

"படத்துக்குக் கீழ என்ன எழுதப் போறீர்?" என்று கேட்டார்.

"'கண்ணாடி விளக்குக் கூடுகளும் மண் அச்சுகளும்' எண்டு."

கொஞ்சம் யோசித்தார். "எழுதும். ரெண்டும் படத்தில இருக்குதானே."

ஞாயிறு காலை முதலாளி தன் பல்கனியில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அடுத்த கிழமை அவருடைய வான் களனிப் பக்கத்திலிருந்து மண்சட்டிகளோடு வந்தது. குயவரிடம் சொல்லிச் செய்வித்தவை. அடியில் துளையும் இருந்தது. அந்தத் துளை மின் கம்பி போவதற்கு என்று அவர் தன் வேலையாளுக்கு விளக்கியது ஒழுங்கை முழுவதும் கேட்டது.

துளை காற்றுப் போவதற்கு. அதை நான் அறிந்தது இப்படி.

முடிந்த கூடு ஒன்றைப் பல்கனியில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே விரலை ஓட்டியபோது விளிம்பருகே சிறு சிறு புள்ளிகள் தட்டுப்பட்டன. வெளிச்சத்தில் பிடித்தேன். புள்ளிகள் சேர்ந்து இரண்டு எழுத்துகளாயின. அடுத்த கூட்டிலும் அதே எழுத்துகள். மண்சட்டியில் அப்படி எழுத்து இல்லை. எங்கள் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரங்களில்தான், களவு போகாமலிருக்க, புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுவார்கள். குசினிக்குப் போய்த் தொட்டிக்கு அடியில் குனிந்தேன். கருகிய கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அவருடைய தாயாரின் பேரின் முதல் எழுத்துகள்.

"விளக்குக் கூட்டுக்கு அச்சு இதோ?" என்று கேட்டேன்.

ரீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார். "ஓம். கேட்டிட்டீர், சொல்லத்தான் வேணும்."

"பிறகேன் மண்சட்டி?"

"பழத்தட்டுக்கு. மண்ணுக்கு உள்ளுக்குக் கண்ணாடியை வைப்பன். சில்வருக்கு மேல கண்ணாடியைப் போடுவன். மாத்திச் செய்யக்கூடாது."

"ஏன்?"

கையைத் துடைத்துக்கொண்டு என் மோதிர விரலைப் பிடித்தார். "சூட்டில எல்லாம் விரியும், ஆறேக்கச் சுருங்கும். சில்வர் கண்ணாடியை விடக் கூடச் சுருங்கும். அதால அது கண்ணாடிக்கு உள்ளுக்கு இருந்தால், தானாச் சுருங்கி விலகியிடும். மண் அப்பிடிச் சுருங்காது. மண்ணுக்கு மேல கண்ணாடியைப் போட்டால், உம்மட மோதிரம் சுருங்கி விரல் சுருங்காட்டி எப்பிடியோ, அப்பிடி. மோதிரம் இறுக்கும். விரல் விட்டுக் குடுக்காது. கண்ணாடி என்ன செய்யும்?"

"வெடிக்கும்."

"மண்ணுக்கு உள்ளுக்கு வைச்சால் கண்ணாடி சுருங்கித் தானா விலகும். கீழ நிக்கிற காத்து வெளிய போகத்தான் துளை."

"முதலாளி மண்ணுக்கு மேல போடப்போறார், ரீச்சர்."

"கேட்டால் சொல்லுவன்" என்றார். "உமக்குச் சொன்னமாதிரியே சொல்லுவன். ஒரு சொல்லுக் குறைக்க மாட்டன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெறுப்பு இருந்ததா என்று பார்த்தேன். வகுப்பறையில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு யன்னலோரம் போய் நிற்கும் ஒருவரின் முகம்தான் அது.

முதலாளியின் முதல் சூளைக் கண்ணாடிகள் முழுவதும் வெடித்தன. மின்வெட்டு என்றார். அந்த வருடம் மின்வெட்டும் இருந்தது. ஜெனரேற்றர் ஒன்று வாங்கினார். அடுத்ததும் வெடித்தது. குயவரைத் திட்டினார், வேறு மண்ணில் செய்வித்தார். அவையும் வெடித்தன. இரவுப் பணி முடிந்து வரும் காலைகளில் எதிர்வீட்டுக் கராஜுக்குள்ளிருந்து, ஆறும் கண்ணாடி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும் "டிக்" என்ற ஓசை எனக்குக் கேட்கும். பல்கனியில் ரீச்சர் நிற்பார்.

இதற்கிடையில் தம்பியை விட்டார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பாதியாகி வந்திருந்தார். கனடாக் கடதாசி காலாவதியாகிவிட்டது. முன் விறாந்தைக் கதிரையில் நாள் முழுவதும் இருந்தார். சீட்டியடிக்கவில்லை. ரீச்சர் அவரோடு கதைக்கும்போது சுற்றிவந்து வலப்பக்கம் நின்று கதைத்தார்.

ஹோட்டல் திறப்பதற்கு இன்னும் ஒரு கிழமை என்ற நிலையில் முதலாளி வந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை. சவரம் செய்திருக்கவில்லை. கையில் பத்திரிகையில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள். விறாந்தையில் தம்பியைக் கண்டதும் ஒரு கணம் நின்றார்.

"ரீச்சர், உங்களிட்டை மறைச்சுப் போட்டன். மன்னிக்க வேணும். எனக்கு இது கடைசிச் சந்தர்ப்பம். இதில பிழைச்சால் கடை போச்சு. ஒண்டு கேக்கலாமோ?"

"நானும் ஒண்டு கேக்க வேணும்" என்றார் ரீச்சர். "நான் முதல் கேக்கிறன்."

"கேளுங்கோ."

"அண்டைக்கு மூட்டை படிக்குக் கீழ கிடக்கெண்டு சொன்னது ஆர்?"

முதலாளி துண்டுகளை மேசையில் வைத்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய குரலை அவ்வளவு சிறியதாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"என்ர வானை மறிச்சவங்கள் ரீச்சர். வானின்ர பின்தட்டில வெள்ளை மா கொட்டிக் கிடந்தது. ஆருக்குக் கொண்டு போனனீ, எங்க வைச்சனீ எண்டு கேட்டாங்கள். அடிச்சாங்கள். கேட்டதுக்குச் சொன்னன். அவ்வளவுதான். தம்பியைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பிள்ளையாரப்பா அறிய."

"ஓம்" என்றார் ரீச்சர். "தம்பியைப் பற்றி அவங்கள் கேட்டிருக்க மாட்டாங்கள்."

தம்பி கடலின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. இனி நீங்கள் கேளுங்கோ."

முதலாளி மூக்கைச் சிந்தினார். துண்டொன்றை எடுத்து நீட்டினார். உட்புறத்தில் செம்மண் படிந்திருந்தது.

"களனி மண்ணும் பாத்திட்டன். வேற இடத்து மண்ணும் பாத்திட்டன். மண்ணில என்ன பிழை ரீச்சர்?"

ரீச்சர் துண்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்து, செம்மண்ணை நகத்தால் சுரண்டி, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"மண்ணில ஒரு பிழையும் இல்லை" என்றார்.

"உண்மையாவோ?"

"நல்லாச் சுட்ட மண். இதைவிட நல்ல மண் கொழும்பில எடுக்கேலாது."

முதலாளியின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் சூட்டைத்தான் கூட்டிவிட்டேன், இந்த முறை மெல்ல ஆறவிடுகிறேன் என்று தானே சொல்லிக்கொண்டார். ரீச்சரின் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம்பியின் தோளில் கை போட்டார். கேற்றடியில் என்னையும் நிறுத்தி, "தங்கமான மனிசி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் போன பின் நான் சமையலறை வாசலில் நின்றேன். ரீச்சர் கருகிய கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் கேட்டிட்டாரே, ரீச்சர்."

"என்ன கேட்டவர்?"

நான் கிண்ணமொன்றை எடுத்துப் பேர் வெட்டிய புள்ளிகளைத் தடவினேன்.

"அவருக்குச் சொன்னதில பொய் இருந்தால் காட்டும்" என்றார். "நீர் பேப்பர்காரன்தானே."

முதலாளி கடைசியாகக் கையிலிருந்த கண்ணாடி முழுவதையும் வெட்டி, எல்லாச் சட்டிகளையும் கவிழ்த்து, சூளையை நிரப்பினார். ஜெனரேற்றர் ஓயாமல் இரைந்தது. மறுநாள் அது ஓய்ந்தது, சூளையை ஆறவிட்டார். ஹோட்டல்காரர் வேறு இடத்தில் பிளாஸ்ரிக் கூடுகள் வாங்கியதும், கடை கைமாறியதும், எதிர்வீட்டில் வேறு ஆட்கள் குடியேறியதும், முதலாளி மனைவி பிள்ளைகளோடு எங்கே போனார் என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாமல் போனதும் பிறகு நடந்தவை.

சூளை ஆறித் திறக்கும் நாள் காலை நான் பணி முடிந்து வந்தபோது ரீச்சர் எழுந்து, குளித்து, சேலை மாற்றியிருந்தார். தம்பியை எழுப்பி, பல்கனிக்குக் கூட்டி வந்து, கதிரையைத் தானே இழுத்துப் போட்டு, கடலைப் பார்க்க இருத்தினார். தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தார். எதிர்வீட்டுக் கராஜ் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கண்ணாடித் துண்டுகளை இரும்புப் பீப்பாவுக்குள் கொட்டும் ஓசை தொடங்கியது. கூடை கூடையாகக் கொட்டினார்கள். நடுவில் ஓர் ஆண் உரத்து அழுதது போலவும் இருந்தது. காகங்கள் எழும்பின. ஒழுங்கையில் யன்னல்கள் திறந்தன.

ரீச்சர் தம்பியின் கதிரைச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. அப்படி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"கேக்குதோ தம்பி?" என்றார். "கேக்குதோ?"

தம்பி தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார்.

"என்னக்கா?"

எதிர்வீடு அவருக்கு இடப்பக்கம் இருந்தது. முகாமிலிருந்து வந்த நாள் தொட்டு தம்பிக்கு இடது காது கேளாது.